கூடலூர் வரை

சுயம்புலிங்கம் எதையும் ஊர்ப்பெயர் வைத்துத்தான் சொல்வார். தேனியிலிருந்து குமுளி வரை போய்த் திரும்பும் தனியார் பஸ்ஸில் வெகுகாலம் கண்டக்டராக நின்றவர். பல்வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் சின்னமனூர் தாண்டியதும் என்பார். தூங்கி எழுந்தது கம்பம் வரும் நேரம். மகள் பிறந்த சேதி வந்தது வீரபாண்டி ஸ்டாப்பில். கேட்பவர்தான் அதைத் தன் கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கூடலூரில் அவர் குடியிருந்த தெருவுக்கு அது பழகியிருந்தது.

மூச்சிளைப்பு வந்ததையும் அப்படித்தான் சொன்னார். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வருகிறது. திரும்ப லோயர் கேம்ப் இறங்கியதும் போய்விடுகிறது. முதலில் கொஞ்ச காலம் அது மலையினுடைய வியாதி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

எண்பதாம் வருடம் மார்கழியில் ஒரு நாள் காலை, மலைப்பாதையில் மாதா கோயில் பக்கம் ஒருவரை இறக்கிவிட்டு, விசிலை வாயில் வைத்தார். காற்று வரவில்லை. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. அவரிடம் ஒன்றுக்கும் காற்று இல்லை.

டிரைவர் பால்பாண்டி விசில் இல்லாமல் கியர் போடாதவர். ஒருமுறை உத்தேசமாக வண்டியை எடுத்ததில் படியில் நின்ற ஒருவர் விழுந்து கால் ஒடிந்துபோனது. அதன்பிறகு பின்னால் என்ன கூச்சல் நடந்தாலும் அவர் காது விசிலை மட்டுமே கேட்கும். பஸ் நின்றது. பின்னால் எஸ்டேட் ஜீப்புகள் நின்று ஹாரன் அடித்தன. குமுளிக்குக் காய்கறி கொண்டுபோகிற கஸ்தூரியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏப்பா பால்பாண்டி, வண்டிய எடேன்."

"விசில் வரலைல்ல."

"வராதுப்பா. அவன் மீன் மாதிரி வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறான்."

"அப்ப யாரு ஊதுறது?"

கஸ்தூரியம்மாள் பின்னால் போய், சுயம்புலிங்கத்தின் கையிலிருந்த விசிலை வாங்கி, முந்தானையில் துடைத்து, ஊதினாள். பஸ் நகரவில்லை.

"ஊதிட்டேன்ல!"

"ஒன்னு ஊதுனா நில்லுன்னு அர்த்தம்," என்றார் பால்பாண்டி, திரும்பிப் பார்க்காமல்.

"நின்னுக்கிட்டுத்தானய்யா இருக்கு!"

"அதான். இன்னொரு தடவ ரெண்டா ஊதுங்க."

அவள் இரண்டாக ஊதினாள். பஸ் குமுளி போய்ச் சேர்ந்தது.

சித்திரை பிறக்கும்வரை சுயம்புலிங்கம் வீட்டில் இருந்தார். பாதிநாள் ஆஸ்பத்திரி, பாதிநாள் கட்டில். டாக்டரம்மா நிதானமானவர். இது ஆஸ்துமா, குளிரும் ஏற்றமும் ஆகாது, மாத்திரையை விடக்கூடாது என்றார். எதுவரைக்கும் இருக்கும் என்று சுயம்புலிங்கம் கேட்டார். கடைசி வரைக்கும் என்றார் டாக்டரம்மா. வியாதி கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்துவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார்.

அதற்குள் அவர் மனைவி ராஜாத்தி திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவர் வீட்டில் உட்கார்ந்து தெருவில் போகும் பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். புதுக் கண்டக்டர் இரண்டு விசிலுக்கும் நடுவே அதிக இடைவெளி விடுகிறான் என்று சொல்வார். சொல்ல வேறு ஆள் இல்லாததால் சுவரிடம் சொல்வார்.

வெயில் ஏறி மூச்சு சீரானதும் கம்பெனிக்குப் போனார். மேனேஜர் சண்முகராஜ் அவரை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஃபிட்டுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. இல்ல அன்ஃபிட்டுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. ரெண்டுல ஒன்னு இருந்தா நான் ஏதாச்சும் செய்யலாம்."

அன்ஃபிட் என்றால் வீடு. வீட்டில் அவருக்கு இறங்கவோ ஏறவோ ஒரு ஸ்டாப்பும் இல்லை. ஃபிட் என்று எழுதி வாங்குவது என்று முடிவு செய்து டாக்டரம்மாவிடம் போனார்.

"இப்ப எப்படி? எப்பெப்ப வருது?"

பொய் சொல்லத்தான் போயிருந்தார். ஆனால் எப்போது என்று கேட்டால் அவர் வாயில் ஸ்டாப்தான் வரும்.

"கூடலூர் வரைக்கும் ஒன்னுமில்லைங்க. லோயர் கேம்ப் தாண்டுனா இழுக்கும்."

டாக்டரம்மா கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறவர். 'இவர் கூடலூர் வரை பணிபுரியத் தகுதியானவர். அதற்கு மேல் மலைப்பாதையில் பணிபுரியக் கூடாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார்.

சண்முகராஜ் அதைப் படித்துவிட்டுத் தாளின் பின்பக்கத்தையும் பார்த்தார். மீதி அங்கே இருக்குமோ என்று தோன்றியிருக்கும்.

"இது என்னய்யா, அரை டிக்கெட்டா?"

"டாக்டரம்மா அப்படித்தான் எழுதுனாக சார்."

"எழுதுனாக, சரி. பஸ்ஸு குமுளிக்கில்ல போகுது. உங்கள கூடலூர்ல இறக்கிவிட்டுட்டு மேல ஆளில்லாமப் போகச் சொல்றீங்களா?"

சண்முகராஜ் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. லைட் டூட்டி கொடுத்தார். தேனி பஸ் ஸ்டாண்டில் பஸ் பக்கத்தில் நின்று ஆள் கூப்பிட வேண்டும். மலை ஏற வேண்டாம், விசில் ஊத வேண்டாம். கத்தினால் போதும்.

சுயம்புலிங்கம் கத்தினார். "சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்" என்பதுவரை ஒரு மூச்சு. அதன்பிறகு நின்று அடுத்த மூச்சை எடுப்பார். கூடலூர், குமுளி என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் குமுளிக்குப் போகிறவர்கள் அடுத்த கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். கம்பம் ஆட்கள் மட்டும் ஏறினார்கள். ஒரு வாரத்தில் மலைக்குப் பஸ் காலியாகப் போகத் தொடங்கியது. சண்முகராஜ் வந்து பார்த்தார்.

"குமுளிய மொதல்ல சொல்லக் கூடாதாய்யா?"

"ஊரு வரிசை அப்படி இல்லையே சார்."

லைட் டூட்டி அத்தோடு முடிந்தது.

அது ஊனமுற்றோர் ஆண்டு என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரியகுளத்தில் ஒரு முகாம் போட்டிருப்பதாக ராஜாத்தி தோட்டத்தில் கேட்டுவிட்டு வந்தாள்.

"நமக்கு என்ன ஊனம்?" என்றார் சுயம்புலிங்கம்.

"அதை அவுக சொல்லட்டும். நீங்க போய் நில்லுங்க."

போய் நின்றார். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். எதிரே இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண்ணோடு ஒரு ஆள்.

"கையா, காலா, கண்ணா, காதா?"

"மூச்சுங்க."

"மூச்சு இருக்குல்ல?"

"இருக்குங்க. மலை ஏறுனாத்தான்..."

"அப்ப ஏறாதீங்க."

சுயம்புலிங்கம் டாக்டரம்மாவின் தாளை நீட்டினார். குமாஸ்தா கவனமாகப் படித்தார்.

"தகுதியானவர்னுல்ல போட்டிருக்கு. தகுதியான ஆளுக்கு இங்கன என்ன வேலை?"

"கம்பெனியில தகுதி பத்தாதுன்னு சொல்றாக."

"அது கம்பெனி. இங்கன தகுதி கூடிப்போச்சு."

குமாஸ்தா வேண்டுமென்று சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த வரிசைகளில் மூச்சுக்கு வரிசை இல்லை. ஓரமாக நிற்கச் சொன்னார். ஓரமாக நின்ற இடம் மேடைக்குப் பக்கமாகிவிட்டது. பிரமுகர் ஒருவர் வந்து உதவிகளை வழங்கினார். போட்டோ எடுப்பவர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். சுயம்புலிங்கம் மட்டும் வெறுங்கையோடு நிற்பது படத்துக்குச் சரியில்லை என்று யாரோ அவர் கையில் ஒரு கைத்தடியைக் கொடுத்தார்கள்.

"காலு நல்லா இருக்குங்க," என்றார்.

"பரவாயில்ல. பிடிச்சுக்கிருங்க."

படம் எடுத்து முடிந்தபிறகு அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, தடியோடு தேனி வந்து, பால்பாண்டி ஓட்டுகிற தன் பழைய பஸ்ஸிலேயே பயணியாக ஏறினார். கடைசி சீட், படிக்குப் பக்கத்தில். அவருக்குப் பதிலாக வந்திருந்த பேச்சிமுத்து, டிக்கெட் கொடுக்க வந்து தடியைப் பார்த்தான்.

"என்னண்ணே, காலுமா?"

"இல்லப்பா. போட்டோவுக்கு."

பேச்சிமுத்து அதற்குமேல் கேட்கவில்லை. சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்காது.

உத்தமபாளையத்தில் பேச்சிமுத்து வடுகபட்டிப் பூண்டு மூட்டைகளை இறக்குவதற்காகப் பஸ்ஸின் கூரைமேல் ஏறினான். கீழே ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். சுயம்புலிங்கம் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம். கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர், கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறு காலையும் உள்ளே வைத்தார். படி காலி. சுயம்புலிங்கத்தின் கை தடியை எடுத்து, பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டியது.

பஸ் கிளம்பியது.

பேச்சிமுத்து கூரைமேல் ஒரு பூண்டு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விசிலாக ஊதிக்கொண்டே வந்தான். சத்தம் மேலேயிருந்து வந்ததால், அது முன்னால் போகிற வேறு வண்டியினுடையது என்று பால்பாண்டி எடுத்துக்கொண்டார். அனுமந்தன்பட்டியில் இறங்க ஆள் இருந்ததால் பேச்சிமுத்துவாலும் இறங்க முடிந்தது.

மறுநாள் மூவரையும் சண்முகராஜ் கூப்பிட்டார். சுயம்புலிங்கத்துக்கு அன்று பயமாக இருந்தது. அதுவரை அவர் வேலைக்கு வர முடியாத ஆள். இனி வேலைக்கே ஆகாத ஆள் என்று எழுதிவிட்டால் அவ்வளவுதான்.

"டூட்டியில இல்லாத ஆளு எதுக்குய்யா ரைட் கொடுத்தீரு?"

"கடைசி ஆள் ஏறிட்டாரு சார். கை தட்டிருச்சு."

"நான் கடைசி ஆளு இல்லையாண்ணே?" என்றான் பேச்சிமுத்து. "உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன் சார். உசுரு ஒரு கையில, பூண்டு ஒரு கையில."

"மேல பாக்கல. அது தப்புத்தான்," என்றார் சுயம்புலிங்கம்.

சண்முகராஜ் பால்பாண்டி பக்கம் திரும்பினார். "விசில் இல்லாம நகர மாட்டேம்பியே. நீ ஏன் எடுத்த?"

"ரெண்டு வந்துச்சு, எடுத்தேன். விசிலா தகரமான்னு எனக்கு என்ன? ரெண்டு ரெண்டுதான்." பால்பாண்டி கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "அதுபோக, அது சுயம்பு மாப்ள தட்டுனது. படியில ஆளு இருந்தா அவன் தட்ட மாட்டான்."

"யாரு தட்டுனான்னு முன்னால இருந்துக்கிட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் சார்."

சண்முகராஜுக்கு அந்த வாரம் வேறொரு கவலை இருந்தது. கம்பெனியின் இன்னொரு குமுளி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், சொந்தமாக ஒரு ஜீப் வாங்கிக்கொண்டு கூடலூரிலிருந்து கேரளாவுக்கு ஆள் ஏற்றப் போய்விட்டார். ஒரு பஸ் மேலே போகும்போது மற்றது கீழே வரும். இரண்டும் சந்திப்பது கூடலூரில்.

"பேச்சிமுத்து, மலைக்கு மட்டும் போய்ப் போய் வர்றியா? கூடலூர்ல இறங்கி அடுத்த பஸ்ஸுல திரும்ப ஏறிக்கிறணும்."

"சந்தோசமாப் போறேன் சார். மேல காத்தாவது வரும். இந்தத் தேனிக் கூட்டந்தான் எனக்கு மூச்சு முட்டுது."

சுயம்புலிங்கம் அவனை ஆச்சரியமாகப் பார்த்தார்.

அப்படியாக அவர் கூடலூர் வரை கண்டக்டர் ஆனார். தேனியிலிருந்து ஏறும் பஸ்ஸில் வந்து கூடலூரில் இறங்குவார். மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் பேச்சிமுத்து வந்து இறங்குவான். ரோட்டைக் கடந்து இடம் மாறிக்கொள்வார்கள். விசில் ஊத மூச்சில்லாத நாளில் சுயம்புலிங்கம் அந்தக் கைத்தடியால் தகரத்தில் தட்டுவார். ஒரு பஸ் தாமதமானால் மற்ற பஸ்ஸில் இருப்பவர்கள் கூடலூரில் டீ குடித்தார்கள். டீக்கடைக்காரர் டாக்டரம்மாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னார். சண்முகராஜ் டாக்டரம்மாவின் தாளை எந்த ஃபைலில் வைப்பது என்று தெரியாமல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். ஆறு மாதத்தில் அதைப் பார்த்துவிட்டு, கம்பம் வரை மட்டும் தகுதி என்று எழுதி வாங்க முடியுமா என்று கம்பத்தில் வீடு உள்ள டிரைவர் ஒருவர் கேட்டார்.

மார்கழி திரும்ப வந்தது. கூடலூர் வரை என்று டாக்டரம்மா எழுதியது மார்கழிக்குத் தெரியவில்லை. குளிர் மலையிலிருந்து இறங்கிக் கூடலூருக்கே வந்தது, சில நாள் கம்பத்துக்கும் வந்தது. சுயம்புலிங்கம் மாற்றி எழுதி வாங்கப் போகவில்லை. ராஜாத்தி மட்டும் தினமும் காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டுக் கேட்பாள்.

"இன்னைக்கு எதுவரைக்கும்?"

அவர் ஒரு மூச்சு இழுத்து, விட்டுப் பார்ப்பார்.

"சின்னமனூர்."

"அப்ப கம்பளியக் கொண்டுபோங்க."

அப்படிச் சின்னமனூர் வரை மட்டும் மூச்சு இருந்த ஒரு நாள், தேனியிலிருந்து பால்பாண்டி ஓட்டி வந்த பஸ்ஸில் கூடலூருக்கு வந்து இறங்கினார். இறங்கியவருக்குப் பேச வரவில்லை. கம்பளிக்குள் இருந்து மூக்கு மட்டும் தெரிந்தது. பேச்சிமுத்து ரோட்டைக் கடந்து வந்து பஸ்ஸில் ஏறி, இரண்டு விசில் ஊதினான். பால்பாண்டி எடுக்கவில்லை. திரும்பவும் ஊதினான். சுயம்புலிங்கத்தின் தட்டு வரட்டும் என்று அவர் எடுக்கவில்லை.

ஜன்னல் ஓரத்தில் இருந்த கஸ்தூரியம்மாள் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏப்பா சுயம்பு, முடியலைன்னா அந்தத் தடியக் குடு. நான் தட்டுறேன். ரெண்டு தான? எனக்குத் தெரியும்."

சுயம்புலிங்கம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். படியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

பஸ் மலைக்குக் கிளம்பியது. எதிர்ப்பக்கத்தில் கீழே போக வேண்டிய பஸ் நின்றுகொண்டிருந்தது. அவர் ரோட்டைக் கடந்தார்.