உழாமல் விட்ட வடக்கு மூலை

எனக்கு எழுபத்தெட்டு நடக்கிறது. பெற்றது ஏழு, வளர்த்து ஆளாக்கியது ஐந்து. ஐந்தில் ஒன்றைக்கூட மண் தின்ன விட்டதில்லை. இதைப் பெருமையாகவே சொல்வேன், நான் தின்றவள் என்பதால்.

என் இளைய மகன் கோவில்பட்டியில் ஏதோ கூட்டத்துக்குப் போய், பல விதைகள் கலந்த பை ஒன்றோடு வந்தான். விதைத்து, பூ எடுத்ததும் மடக்கி உழவேண்டுமாம், மண் பொலபொலப்பாகுமாம். புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி சொன்னான். பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. இப்போது பூத்துவிட்டது. நாளை டிராக்டர் வருகிறது. அதனால்தான் என் பேத்தி, அவன் மகளின் நோட்டை வாங்கி எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு, கை மெல்லத்தான் போகிறது.

எனக்கு அப்போது ஆறு வயதிருக்கும். முந்தின வருஷம் மழை பொய்த்து, தானியக் குலுக்கையில் கம்பு அடியைத் தொட்டிருந்தது. சித்திரையில் ஒரு கோடைமழை விழவும், விதைக்கென்று கட்டிவைத்திருந்த சணப்பு, தட்டாம்பயறு, நரிப்பயறு, காணம் எல்லாவற்றையும் அப்பா ஒரே பெட்டியில் கலந்து தூவினார். அது அறுக்கிற வெள்ளாமை இல்லை. கரிசலின் வெடிப்பு தெரியாமல் மூடி வளர்ந்து பூ எடுத்ததும் உழுது மண்ணுக்குள் தள்ளிவிடுவார். புரட்டாசியில் அதன்மேல் பருத்தி.

எனக்கோ கரிசல் கட்டியைக் கண்டால் எச்சில் ஊறும். அம்மா அடித்தாள், விரலில் வேப்பிலையை அரைத்துத் தடவினாள். வேப்பிலையோடு சேர்த்துத் தின்றேன். வயிறு பானை, காலிரண்டும் குச்சி.

உழவு நடந்த அன்று சாயங்காலம் வடக்கு மூலை மட்டும் பாக்கி. தண்ணீர் கொண்டுவந்த அம்மா, வரப்பில் உட்கார்ந்திருந்த என் வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு நேரே போய் மாட்டுக்கு முன்னால் நின்றாள். அப்பாவை அதுவரை அவள் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

"பிள்ள மண்ணத் திங்கா. நீங்க மண்ணுக்குப் பயறு போடுதீய."

"காய் வைக்க விட்டா மண்ணுக்கு என்னட்டி மிஞ்சும்? வழிய விடு."

அம்மா விடவில்லை. அப்பா கலப்பையின் மேழியிலிருந்து கையை எடுத்தார். கடைசியில் யாரிடமும் இல்லாமல், "மாடு களைச்சிட்டு," என்று சொல்லி நுகத்தடியை அவிழ்த்தார்.

அந்த மூலையில் தட்டாங்காய் பிடித்தது. அவித்த காயாக, பிறகு பயறாக, எல்லாம் நான்தான் தின்றேன். கட்டி தின்பது எப்போது நின்றதென்று எனக்கே தெரியாது.

மாசியில் பருத்தி எடுக்கும்போது பெரியப்பா வந்தார். நிலம் முழுக்கப் பருத்தி அம்மாவின் இடுப்புக்கு நின்றது, வடக்கு மூலையில் முழங்காலுக்கு.

"ஏலே, மத்ததெல்லாம் நிக்கி, இங்கன மட்டும் பருத்தி உக்காந்திருக்கே. எந்திக்கச் சொல்லப்படாதா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத்தான் பதில் தெரியுமே. "அம்மாதான் பெரியப்பா உழ விடல," என்று முந்திக்கொண்டு சொன்னேன். அம்மா மடியை இறுக்கிக் கட்டி, இன்னும் குனிந்து எடுத்தாள். அந்தப் பருத்தி வளராத உயரமெல்லாம் என் உடம்பில் இருந்ததென்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வருஷமும் அப்பா கலந்து தூவினார். பூ எடுத்ததும் வடக்கு மூலையை முதலில் மடக்கி உழுதார். தெற்கு மூலைக்கு வந்ததும் நின்றார். "மாடு களைச்சிட்டு." யாரும் கேட்கவில்லை, யாரும் முன்னால் போய் நிற்கவும் இல்லை. அதற்கடுத்த வருஷம் கிழக்கு மூலை. எங்கள் மாடு நோஞ்சான் என்று தெருப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு அதை விற்றுவிட்டு இளங்காளை ஜோடி வாங்கினார் அப்பா. அதுவும் ஒரு மூலைக்கு வந்ததும் களைத்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை.

நாளை வருகிற டிராக்டருக்குக் களைப்பு கிடையாது. இன்றைக்கு இந்த வீட்டில் மண் தின்கிற பிள்ளையும் இல்லை. முழுக்க உழட்டும்.

ஏட்டி பேத்தி, கண்ணாடி போட்டும் எனக்கு எழுத்து ஓடுது. இங்கன வந்து இத வாசி. உங்கப்பன் வாசல்லதான் நிக்கான், கொஞ்சம் சத்தமாவே வாசி.