உப்புப் படாத படகு

குமரிக் கடற்கரையில் இனயம் என்கிற எங்கள் ஊரில், எதிர்வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து திரும்பியவர். மீசைக்கு மை, கைக்கு ரப்பர் உறை. பழைய இரும்புக்கடையிலிருந்து ஓர் அலுமினியப் படகையும் அதை ஏற்றும் ட்ரெய்லரையும் வாங்கி வந்து, ஒரு வருஷமாக முற்றத்தில் வைத்துச் சீராட்டினார். ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்தார், ட்ரெய்லருக்குப் புது டயர் மாட்டினார், நீலப் பெயின்ட் அடித்தார். சர்ச்சிலிருந்து பங்குச் சாமியாரை அழைத்து மந்திரிக்கவும் வைத்தார். மந்திரித்த படகு மறுநாளே கடலில் இறங்குவதுதான் எங்கள் ஊர் வழக்கம். இவர் தினமும் காலையில் அதைத் துணியால் துடைப்பதோடு சரி.

ஆனி மாதம் கடல் பொங்கித் தெருவுக்குள் வந்தது. நனைந்த அரிசிச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். காருக்குப் பின்னால் ட்ரெய்லரைப் பூட்டிக்கொண்டு அவரும் வந்தார். அந்தப் படகின் முதல் பயணம், கடலுக்கு எதிர்த்திசையில்.

“அண்ணே, இந்தச் சாக்க மட்டும் படகுல போடட்டா?” என்றேன்.

“வேண்டாம் மக்கா, அதுல உப்புத்தண்ணி இருக்கு. அலுமினியத்த அரிச்சிரும்லா?”

பள்ளிக்கூட வாசலில் நாங்கள் துணி பிழிந்துகொண்டிருந்தபோது அவர் படகைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாத படகு. எதைத் துடைத்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.