விமானத்துக்குச் சந்தனப் பொட்டு

என் அண்ணன் மகனுக்கு விமானம் ஓட்ட லைசென்ஸ் கிடைத்த அன்று எங்கள் ஊர் குருவிநத்தத்தில் பட்டாசு வெடித்தார்கள். ஏதோ பெரிய கம்பெனி வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பு. அதெல்லாம் இல்லை. சொந்தபந்தத்தைச் சின்ன விமானத்தில் கூலி வாங்காமல் ஏற்றிப் பறக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் ஏறப் போவது என் மகள். அவளே கேட்டாள், அவனும் தலையாட்டிவிட்டான். நான் வேண்டாம் என்றேன். கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு ஒதுங்கத் தெரியாமல் ஸ்கூட்டரோடு வாய்க்காலில் விழுந்தவன் இவன்.

"பாஸ் பண்ணிட்டான் இல்ல, அப்புறம் இன்னா உனுக்கு?" என்றார் அண்ணன்.

"நம்ம ரோட்டுல இடிச்சிக்குனு கெடக்கிறவன்லாம் பாஸ் பண்ணவன்தான்ண்ணா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு விமானப் பயிற்சி மைதானத்துக்குப் போனோம். அவன் விமானத்தைச் சுற்றி வந்து தட்டினான், ஆட்டினான், எண்ணெய் பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட ஆபீசுக்குள் போனான்.

அந்த நேரத்தில் அண்ணன் தன் வேலையைக் காட்டினார். புது டிராக்டருக்கு வைப்பதுபோல் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரத்தை எடுத்ததும் காவலாளி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். உடனே சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். மூக்கு, கதவு, இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாய் என்று கண்ட இடத்திலெல்லாம் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். எனக்கு அது வெறும் குழாய். இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்றுகூடச் சொன்னேன்.

அவன் வெளியே வந்ததும் கூட்டம் விரட்டியது.

"ஏறுடா, எமகண்டம் வந்துடப் போவுது!"

"மொறப்பொண்ண ஏத்திக்குனு அப்டியே சிங்கப்பூர் பூடாதடா!" என்றார் ஒரு சித்தப்பா.

மகள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். அவன் பொட்டைப் பார்த்தான்.

"யாரு தொட்டது?"

"நான்தான்டா. சாமி காரியம்" என்றார் அண்ணன்.

மகளை இறங்கச் சொன்னான். முதலிலிருந்து மறுபடி சுற்ற ஆரம்பித்தான். இப்போதுதானே பார்த்தாய் என்று கத்தினார்கள். அவன் காதில் வாங்கவில்லை. குழாய்க்கு முன்னால் குனிந்தவன் நிமிர்ந்தபோது முகம் செத்திருந்தது.

"இதுல காத்து போனாத்தான்ப்பா இன்னா வேகத்துல போறோம்னு தெரியும். அடச்சிக்குனு கீது. இன்னிக்குப் பறக்கல."

"ஈரத்துணியால தொடைடா! ஊரே வந்துகீது, மானத்த வாங்காத."

"உள்ள எவ்ளோ போயிருக்குன்னு தெரியாது. மெக்கானிக் கழட்டிப் பாக்கணும்."

"பயந்துக்கினான்" என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. ஆனாலும் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தான். என் மகள் அழுதாள்.

மேலே போய் இவன் எப்படி ஓட்டுவான் என்பது எனக்கு எங்கே தெரியும்? பெற்ற அப்பன் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு கத்தும்போதும் இவன் ஏறவில்லை. அதைப் பார்த்தேன், எனக்குப் போதும்.

வேனில் அவனோடு யாரும் பேசவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம அவள ஏத்திக்கோ. நானும் வரேன்."

"சரி அத்த."

"உங்கப்பன வூட்ல வச்சிப் பூட்டிட்டு வா."

அது காதில் விழுந்த அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நாங்கள் பறந்துவிட்டு வந்தோம். நான் வாந்தி எடுத்தேன். அதற்கு அவன் என்ன செய்வான்?