என் நெஞ்சும் சித்தப்பாவின் நெல்லும்

இருதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்து ஆறேழு மாதம் ஆகியும் எனக்கு நெஞ்சுவலி போகவில்லை. வயது இருபத்தைந்துதான். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "இருதயம் நல்லா இருக்குப்பா. நெஞ்செலும்பச் சேத்துக் கம்பி போட்டிருக்கோம்ல, சில பேருக்கு அது வலிக்கும். குளிர், மழை ஈரம்னா கூடுதலாவும் வலிக்கலாம்" என்றார். அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "எல்லாம் வாயுதான்" என்று பூண்டைச் சுட்டுச் சுட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காராத அளவுக்குத் தின்றேன்.

அப்போது குறுவை அறுவடை. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்று சித்தப்பா எங்கள் ஊர்த் தார் ரோட்டில் காயப்போட்டிருந்தார். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "கம்பியா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. மறுவாரமும் அப்படியே நடந்தது. அவ்வளவுதான், மனுஷன் டிவியில் வானிலை பார்ப்பதையே விட்டுவிட்டார். விடிந்ததும் வாசலில் வந்து நின்று, "தம்பி, இன்னைக்கு வலிக்குதா?" என்பார். இல்லை என்றால் முகமெல்லாம் பல். ரோட்டில் நெல் போட்டிருந்த மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து அம்மா எல்லாருக்கும் காப்பி போட்டாள்.

எனக்கும் இதில் ஒரு சௌகரியம் இருந்தது. வலித்து மழை பெய்தால் அது கம்பி. வலித்தும் பெய்யாவிட்டால்? டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், அது இருதயம்தான் என்று என் கூறுகெட்ட மூளை முடிவுகட்டிவிட்டது. ஊரே மழை வேண்டாம் என்று கும்பிட்டுக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் பெய்ய வேண்டும் தாயே என்று மாரியம்மனை வேண்டினேன். தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள்.

ஒரு நாள் உச்சி வெயிலில் வலித்தது. அதே இடம், அதே வலி. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. காலையில் இருந்த ஒன்றிரண்டும் கம்பி நீட்டிவிட்டன. ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த சித்தப்பா வந்தார். "வலிக்குதா? அதுக்கு ஏன்டா வானத்தப் பாக்குற?"

சொல்லிவிட்டேன். மழை, கம்பி, இருதயம், மாரியம்மன் எல்லாவற்றையும். கேட்டுவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நேராகப் போய் நெல்லைக் குவித்துத் தார்ப்பாயைப் போட்டு மூட ஆரம்பித்தார்.

பக்கத்தில் நெல் போட்டிருந்தவர் திகைத்துப்போனார். "என்னங்க, இந்த வெயில்லயா மூடுறீங்க?"

"மழ வருதுங்க. எங்க அண்ணன் மவனுக்கு வலிக்குது."

அருமையான வெயில். அவ்வளவையும் வீணாக்கிவிட்டுச் சாயங்காலம் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வலி மெல்ல அடங்கியது. மழைதான் ஒரு சொட்டும் விழவில்லை.

சித்தப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். "கேட்டுட்டேன். கோடியக்கரையில செம மழையாம். உன் கம்பிக்கு அவ்ளோ தூரம் சிக்னல் எடுக்குதுடா."

"கோடியக்கரையில நமக்கு யாரு சித்தப்பா இருக்கா?"

"பேச்ச வளக்காத. தார்ப்பாய மடிக்கணும், அந்த முனையப் புடி."

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட என்னைத் தூக்க விடாதவர். எழுந்து போய்ப் பிடித்தேன்.