அத்தா தர மறுத்த சொட்டு மருந்து

வெள்ளிக்கிழமைதோறும் அத்தா துபாயிலிருந்து கூப்பிடுவார். நான் அப்போது பெரம்பலூரில் மருந்தியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். என் வாயில் ஸ்டீராய்டு மருந்துகளைத் தவிர வேறு பேச்சே வராது. காமா கதிரைப் பாய்ச்சி மருந்திலுள்ள கிருமியைக் கொல்கிறார்களே, அதில் மருந்தும் சேர்ந்து கெட்டுப்போகிறதா என்பதுதான் என் ஆய்வு. உலர்ந்த தூளாக இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும். லேசாக மஞ்சள் தட்டலாம், அவ்வளவுதான். தண்ணீரில் கரைந்திருந்தால் போச்சு. கதிர் தண்ணீரை உடைக்கும், உடைந்த தண்ணீர் மருந்தைக் கடித்துக் குதறிவிடும். இதையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டுவேன். அந்தப் பக்கம் ‘ம்ம்’ மட்டும் கேட்கும். போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குழம்பு தாளிக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

மேற்கொண்டு பிஎச்.டி. சேர எனக்குக் கொள்ளை ஆசை. ஊருக்கு வந்து முடிவு சொல்வதாக அத்தா சொல்லியிருந்தார்.

அவர் வந்த அன்று லப்பைக்குடிகாட்டிலிருந்து ஒரு வேன் நிறையத் திருச்சி விமான நிலையத்துக்குப் போனோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. விமானத்தில் அவரோடு வந்தவர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள், அத்தாவைக் காணோம். என் போன் அடித்தது. அத்தாவின் நம்பர்தான், பேசியவர் சுங்க அதிகாரி.

“மாத்திரையெல்லாம் எக்ஸ்ரே மிஷின்ல விட்டுட்டாரும்மா. கண்ணுக்கு விடுற சொட்டு மருந்தை மட்டும் தரமாட்டேங்கிறாரு. கேட்டா, என் மகளைக் கேளுங்கங்கிறாரு.”

அம்மாவின் கண்ணுக்காக வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்து அது. துபாயில் ஏறும்போதும் கெஞ்சிக் கூத்தாடி, கையால் சோதிக்கவைத்துத் தப்பித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனை அத்தாவிடம் கொடுக்கச் சொன்னேன். நான் படிக்கிற கதிர் அரியலூர் சிமெண்டுச் சூளை என்றால் இந்த மிஷின் வெறும் தீக்குச்சி, தாராளமாக விடலாம் என்றேன்.

“தண்ணி மருந்தாச்சேம்மா,” என்று இழுத்தார். “தூளுன்னா தாங்கும், தண்ணின்னா தாங்காதுன்னு நீதானே சொன்ன?”

இந்த மிஷினைத் தண்ணி மருந்தும் தாங்கும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். மனுஷன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்.

திரும்பும்போது வேனில் நான் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். சிறுவாச்சூர் தாண்டியதும் அம்மா மெல்ல என் படிப்புப் பேச்சை எடுத்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அத்தா சட்டைப் பையிலிருந்த மருந்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“படிக்கட்டும்,” என்றார். “எனக்கே இன்னும் பாதிதான் வெளங்கியிருக்கு.”