கழுவிய தோல்பை

அனார்கான் அக்காவுக்குப் பிடிவாதம் அதிகம். பதினோரு வருடமாக அவருக்கு வண்டி ஓட்டுகிறேன், படங்களுக்கு ஒலியும் பதிவு செய்கிறேன். அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நரின் நகரில் உயிரியல் ஆசிரியையாக இருந்தவர். பாடப்புத்தகத்தில் செல் என்று போட்டிருந்த படம் கருகிய ரொட்டி மாதிரி இருந்ததாம். "இதப் பார்த்து எந்தப் பிள்ளைக்கு என்ன புரியும்?" என்று வேலையை விட்டுவிட்டு, ஒரு கேமராவும் பழைய நுண்ணோக்கியும் வாங்கி, பள்ளிகளுக்கு அறிவியல் படம் எடுக்க இறங்கிவிட்டார். நாங்கள் இரண்டே பேர். இருபது நிமிடப் படத்துக்கு நாயாய் அலைவோம்.

அந்த ஜூனில், குதிரைப் பால் எப்படிப் புளித்துக் கிமிஸ் ஆகிறது என்று ஒரு படம். சூசமிர் மலை மேய்ச்சல் வெளியில் அக்காவின் அண்ணன் குதிரை வளர்க்கிறார். அண்ணி சூராகான் சாலையோரக் கூடாரத்தில் கிமிஸ் விற்கிறார். கணவாய் இறங்கும் லாரிக்காரர்கள் அவர் கடையைத் தாண்டிப் போகமாட்டார்கள். அண்ணி கேமரா முன்னால் தோல்பையில் புளிக்கும் பாலை மத்தால் கடைந்தார், சிரித்தார், கிண்ணம் நிறைய ஊற்றினார். அக்கா ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பிடித்தார். குச்சி குச்சியாய், உருண்டை உருண்டையாய்த் திரை முழுக்க உயிர்கள்.

ஜூலையில் தொலைக்காட்சியில் வந்தது. ஒரே வாரத்தில் அண்ணனிடமிருந்து போன்.

"மானம் கப்பலேறிப் போச்சு. புழுக்கடைன்னு பேரு வச்சுட்டானுங்க. வண்டியெல்லாம் அடுத்த கூடாரத்துல போய் நிக்குது. மறுபடி போடறப்போ அந்தக் காட்சிய வெட்டிடு."

தொலைக்காட்சிக்காரர்களும் அதையே கேட்டார்கள். அரை நிமிடம்தானே, போனால் போகட்டும் என்று நானும் சொன்னேன்.

"வெட்ட மாட்டேன்" என்றார் அக்கா. "இருக்கறத இல்லைன்னு காட்டவா படம் எடுக்கறேன்? தப்பு என்னோடது. அந்த நுண்ணுயிருங்க பேரச் சொன்னேன், அதுங்க இல்லாட்டி கிமிஸே கிடையாதுன்னு சொல்லல. வண்டிய எடு மெலிஸ், அந்த மீதியையும் எடுத்துச் சேர்க்கலாம்."

கூடாரத்துக்குள் நுழைந்ததும் மத்தைப் பிடித்து நாலு கடை கடைந்தேன். உள்ளே வருகிறவர் கடையாமல் உட்கார்ந்தால் எங்கள் பக்கம் மரியாதை இல்லை. பைக்குள் நுரை பொரியும் சத்தமே இல்லை. சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன் நான், பையில் காதை வைத்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் இல்லையென்று தலையாட்டினேன்.

"பைய என்ன பண்ணீங்க அண்ணி?" என்றார் அக்கா.

சூராகான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கழுவிட்டேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி, சோடா, மூணு தடவை. நீ ஊருக்கே காட்டுன புழுவுல ஒண்ணுகூட இப்ப இல்ல. சந்தோஷமா?"

நாலு நாளாகப் பால் கிமிஸ் ஆகவில்லை, கெட்டுப் போனதுதான் மிச்சம். அந்தப் பைக்கு அதுவரை புகைதான் போடுவார்கள், தண்ணீரே காட்டியதில்லை. அடியில் தங்கும் பழைய கிமிஸ்தான் அடுத்த பாலுக்கு உறை. சூராகான் கல்யாணமாகி வரும்போது அவருடைய அம்மா கொடுத்தனுப்பிய உறை அது. முப்பது வருடம் காப்பாற்றியிருந்தார். கொடுத்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"பக்கத்துக் கூடாரத்துல கொஞ்சம் உறை வாங்கலாமே" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"அவ ருசிய என் பேர்ல விக்கச் சொல்றியாடா? அதுக்குக் கடைய மூடிட்டுப் போறேன்!" கத்திவிட்டு, தலைத்துணியின் நுனியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "அம்மா கொடுத்தத என் கையாலயே கொன்னுட்டேனே."

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஜூன்ல படம் பிடிக்கக் குப்பில எடுத்த கிமிஸ் என்னாச்சு?"

"அலுவலகக் குளிர்பெட்டில இருக்கு. யாரும் தொடக்கூடாதுன்னு நீங்கதான சீட்டு ஒட்டுனீங்க."

வாடை தாங்காமல் இரண்டு தடவை அதைக் கொட்டப் பார்த்தவன் நான். நல்லவேளை, சீட்டைப் பார்த்துப் பயந்துவிட்டேன். கணவாயைத் தாண்டித் தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய், பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்து மறுநாள் மதியம் கொண்டுவந்து சேர்த்தேன். இருந்தது அரைக் கிண்ணம். உயிர் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. செத்துப்போனவையும் நுண்ணோக்கியில் உயிருள்ளவை மாதிரியேதான் தெரியும் என்றார் அக்கா.

சின்னச் சட்டியில் இளஞ்சூட்டுப் பாலோடு கலந்து, இரண்டு மணிக்கொரு தடவை கறக்கும் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். அக்கா சட்டியை விட்டு நகரவில்லை, கேமராவையும் நிறுத்தவில்லை.

"நான் அழறதையுமா எடுக்கற?" என்றார் சூராகான்.

"எடுக்கறேன் அண்ணி. நான் பண்ண தப்பும் இதுல வரும்."

மூன்றாம் நாள் காலை சட்டியின் வாயருகே ஒலிவாங்கியை வைத்தேன். ரொம்ப மெல்லிசாகப் பொரியும் சத்தம். காதொலிப்பானைக் கழற்றி அண்ணியின் தலையில் மாட்டினேன். கேட்டார். ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். "அம்மாவோடதுதான்" என்றார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

பை நிறைந்த அன்று அக்கா நுண்ணோக்கியைக் கடைப்பலகையில் கிமிஸுக்குப் பக்கத்திலேயே வைத்தார். ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது.

"இதான அந்தப் புழுக்கடை?" என்று ஓட்டுநர் இளித்தான்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் சூராகான் போய் லாரிக் கதவைத் திறந்து, அவன் கையைப் பிடித்து இறக்கி, நுண்ணோக்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"குனிஞ்சு பாரு. புழு இல்ல, என் பொறந்த வீட்டு ஆளுங்க. மரியாதையா பார்த்துட்டு அப்புறம் குடி."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தான்.