பதினொரு மணி அளவு

காகிதத்தில் ஒரு பொய்யும் எழுதாமல் ஒருவரைக் கவிழ்க்க நினைத்தால், அதற்கு என்ன பெயர்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஏரி, குட்டைகளின் தண்ணீர் மீன் வளர்க்கத் தோதானதா என்று பருவத்துக்குப் பருவம் பார்த்துச் சொல்வது என் வேலை. போன கோடையில், எளாவூர் தாண்டி ஓர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் விடியற்காலையில் வருவதாகச் சொன்னேன். பாசியால் பச்சை பிடித்த தண்ணீரில் வெயில் ஏற ஏற ஆக்சிஜனும் ஏறும். விடியும்போதுதான் அடிமட்டத்துக்குப் போயிருக்கும்.

"காலங்காத்தால யாரு எழுந்துக்கினு வருவா? நாஷ்டா துன்னுட்டு பதினொரு மணிக்கு வாம்மா" என்றார்.

போனேன். அளவு நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் விடியலில் மீன்கள் வயிறு காட்டி மிதந்தன.

கம்பெனிக் கழிவுத் தண்ணீராக இருக்குமோ என்று கரையில் பேசிக்கொண்டார்கள். அவர் என் இடுப்பிலிருந்த எட்டு மாதக் குழந்தையைக் காட்டினார். "கம்பெனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. புள்ளைக்குப் பால் குடுத்துக்கினே மிஷினைப் பாத்தா இன்னா தெரியும்?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். மீட்டரைச் சரியாகத்தான் பிடித்தேனா என்று நானே என்னைச் சந்தேகப்பட்டு நின்றேன். அந்தச் சந்தேகத்துக்காகவே அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தக் கோடையில் மறுபடி கூப்பிட்டார். "பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா. அதே டைமுக்கு வந்துடு."

"சரிங்கண்ணா" என்றேன். விடியற்காலை பற்றி வாயே திறக்கவில்லை. தண்ணீர் போன வருடத்தைவிடப் பச்சையாக இருந்தது. அளவும் நன்றாக வந்தது. அதன் பக்கத்திலேயே மணியை எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். மதியம் மேகம் மூடியது. வெயில் இல்லாத நாளின் மறுவிடியல் இன்னும் மோசமாக இருக்கும். காற்று மோட்டாரைப் போடச் சொல்ல ஒரு போன் போதும். செய்யவில்லை. செத்த மீன்களுக்கு நடுவில் அவர் முகத்தை நினைத்து நினைத்து, குழந்தைக்குச் சோறு ஊட்டினேன்.

மறுநாள் காலை அவரே என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு பெரிய கட்லா. ராத்திரி அடித்த காற்று தண்ணீரைக் கலக்கி ஆக்சிஜனை ஏற்றிவிட்டிருந்தது; மீன்கள் பிழைத்துவிட்டன. "நீ சொன்னா சொன்னதுதாம்மா! இனிமே பதினொரு மணிதான் நம்ம கணக்கு."

அந்த மீனைக் குழம்பு வைத்தேன். குழந்தைக்கு மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

மழைக்காலத்துக்கு முன் அவர் கட்டாயம் கூப்பிடுவார். என் கோபமும் அப்படியேதான் இருக்கிறது. நாலு பேர் முன்னால் பேச்சு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள்: விடியற்காலையில் வருகிறேன் என்று சொல்லவா, பதினொரு மணிக்கே போகவா?